எந்த வேலை நம் கையில், எந்த வேலை ஆள் கையில்: திருவெறும்பூர் வீடு ஒன்றின் பழுதுபார்ப்பு ஆய்வு

2022 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சலவை இயந்திரத்தின் மூடியைத் தொட்ட அம்மாவுக்குச் சுர்ரென்று மின்சாரம் பாய்ந்தது. கையை உதறிக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் நாங்கள் வீட்டை நிமிர்ந்து பார்த்தோம். கூடத்தின் வடகிழக்கு மூலை முந்தைய மழையிலிருந்தே ஈரம் கோத்துக் கிடந்தது. சமையலறைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. கழிப்பறையில் தண்ணீர் இறங்கவே நேரம் எடுத்தது. ஜன்னல் கம்பிகளில் பெயின்ட் செதில் செதிலாகத் தூக்கி நின்றது.

1991-இல் கட்டிய வீடு. 820 சதுர அடி, ஒற்றை மாடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம். தளத்தின்மேல் அந்தக் கால வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதித்திருந்தார்கள். அப்பா பெல் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஆண்டு அவருக்கு 66 வயது. கையில் ஸ்பேனர் இருந்தால் அவர் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். "ஆளுக்கு எதற்கு அம்மா காசு? எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம்" என்றார். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி தொலைபேசியில், "அக்கா, மொத்தமாக ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டுவிடுங்கள், அப்பாவை ஏணியில் ஏற்றாதீர்கள்" என்றான். கையில் இருந்தது 2,50,000 ரூபாய். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்குள் முடிக்க வேண்டும்.

இருவர் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. வீட்டு வேலை என்று ஒரே ஒரு வேலை கிடையாது. குழாய்க்கு வாஷர் போடுவதும் கூரைக் கம்பியின் துருவைச் சரிசெய்வதும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது என்பதைத் தவிர, இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

நோட்டில் கோடு போட்டது

கல்லூரி அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் தொழில். அதனால் இதையும் நோட்டில்தான் தொடங்கினேன். ஒவ்வொரு வேலைக்கும் நேராக நான்கு பத்தி. தவறாகச் செய்தால் எத்தனை நாளில் தெரியவரும்? அந்தத் தவறு யாரைப் பாதிக்கும்? திருத்த என்ன ஆகும்? நாமே செய்தால் எவ்வளவு மிச்சம்? பணத்தை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். மிச்சக் கணக்கில் தொடங்கியிருந்தால், கூலி அதிகமான மின்சார வேலைதான் முதலில் எங்கள் கைக்கு வந்திருக்கும்.

முதல் பத்திதான் பெரும்பாலான முடிவுகளை எடுத்துக் கொடுத்தது. குழாயில் வாஷரைத் தவறாகப் போட்டால் ஐந்து நிமிடத்தில் சொட்டும். கொசுவலைச் சட்டம் கோணலாக இருந்தால் மாட்டும்போதே தெரியும். சுவருக்குள் புதையும் வயரில் செய்த தவறு பத்து வருடம் கழித்துத் தெரியலாம், அதுவும் ஒருவர் உடம்பின் வழியாக. மொட்டைமாடியில் செய்த தவறு அடுத்த மழையில்தான் தெரியும், அதற்குள் கூலி வாங்கியவர் வேறு ஊரில் இருப்பார். அன்றைக்கே கண்ணில் படும் தவறுள்ள வேலையைத் தாராளமாக நாமே எடுத்துக்கொள்ளலாம் என்பதே நான் வந்து சேர்ந்த முடிவு. ஒளிந்துகொள்ளும் தவறுள்ள வேலைக்கு, அந்தத் தவறை முன்பே பலமுறை பார்த்துப் பழகிய ஆள் வேண்டும்.

இன்னொன்றும் எழுதும்போதே புலப்பட்டது. மாடி, மின்சாரம், பெயின்ட் என்று தலைப்புத் தலைப்பாக முடிவெடுக்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக உடைக்க வேண்டியிருந்தது. ஒரே வேலைக்குள் நம்முடைய துண்டு இருக்கிறது, ஆளுடைய துண்டும் இருக்கிறது.

மின்சாரம்

அப்பா ஆயுள் முழுக்க வீட்டில் சுவிட்சும் மின்விசிறியும் மாற்றியவர். அதில் பிழையே இல்லை. சட்டமும் அதை அனுமதிக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆம் விதி, மின்னமைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றாத வகையில் விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு விலக்கு கொடுத்தது. மற்ற வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்றது. பின்னால் வந்த 2010-ஆம் ஆண்டு மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளிலும் அதே கோடு தொடர்ந்தது. அந்தச் சொற்களை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் புதிய சுவிட்ச் என்றால் எதுவும் மாறவில்லை. ஏசிக்குப் புதிதாக ஒரு இணைப்பு இழுத்தால் வீட்டின் மின்சுமையே மாறுகிறது.

எங்கள் வீட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள்தான் இருந்தன. பிளக்குகளில் எர்த் துளை இருந்தது, அதன் பின்னால் வயர் இல்லை. அம்மாவுக்கு ஷாக் அடித்ததன் காரணம் அதுதான். இயந்திரத்தின் உடம்புக்கு வரும் சிறு கசிவு மண்ணுக்குப் போக வழியில்லாமல் அம்மாவின் கை வழியாகப் போயிருக்கிறது.

முதலில் வந்த ஒருவர் 27,000 ரூபாய் கேட்டார். ஃபியூஸை எடுத்துவிட்டு, சுமை கூடினால் தானாக விழும் எம்சிபி சுவிட்ச் போட்டால் போதும் என்றார். உரிமம் உள்ள இன்னொருவர் 38,000 சொன்னார். ஏன் 11,000 கூடுதல் என்று கேட்டதற்கு, உட்கார்ந்து விளக்கினார். எம்சிபி காப்பது வயரை. 16 ஆம்பியர் எம்சிபி, சுமை அதற்கு மேல் போனால்தான் விழும். மனித உடம்பைக் கொல்ல அதில் மிகச் சிறிய பங்கே போதும். ஆர்சிசிபி என்பது வேறு. உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் எங்கேயாவது கசிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எர்த் குழியும் புதிதாகத் தோண்ட வேண்டும் என்றார். இவ்வளவு பொறுமையாக விளக்கியவரிடமே வேலையைக் கொடுத்தோம்.

சுவரில் எங்கெங்கே பாயின்ட் வேண்டும் என்று சாக்பீஸால் குறித்தது நாங்கள். பிளக்குகளுக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்று அவர் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கடையில் வாங்கி வந்ததும், சுவரில் கொத்திய காடிகளைப் பிறகு சிமெண்ட் வைத்து அடைத்ததும் நாங்கள்தான். வயர் இழுத்தல், இணைப்பு, எர்த், சோதனை எல்லாம் அவர் பொறுப்பு.

விளக்கு வயர்களையும் குளியலறைக் கீசருக்குப் போகும் வயரையும் மாற்றவில்லை. கீசர் வயர் 2014-இல் அப்பாவே தன் கையால் போட்டது, நன்றாக இருக்கிறது என்று அவர் உறுதியாகச் சொன்னார். புதிய பெட்டியைப் பொருத்தி ஆர்சிசிபியைத் தூக்கிவிட்டதும் அது உடனே விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. ஒவ்வொரு வரிசையாகக் கழற்றி, வயரில் கசிவைக் காட்டும் மெகர் கருவியை வைத்துச் சோதித்துக்கொண்டே வந்தவர், கடைசியில் குளியலறைச் சுவரைத் தட்டி, "ஐயா, இதற்குள்ளே ஒரு இணைப்பு இருக்கிறதா?" என்று அப்பாவிடம் கேட்டார். இருந்தது. வயர் நீளம் பற்றாமல் முறுக்கி, டேப் சுற்றி, மேலே பூசிவிட்ட இணைப்பு. கொத்தி எடுத்தபோது டேப் பிசுபிசுத்து, சுவரின் ஈரத்தில் ஊறியிருந்தது.

அப்பா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எட்டு வருடமாக இதற்குக் கீழே நின்றுதான் குளித்திருக்கிறோம்" என்றார். அன்று மாலை என் நோட்டை வாங்கி, நான்கு பத்திகளையும் முதல் முறையாக முழுதாக வாசித்தார். அதன்பிறகு எந்த வேலை யாருக்கு என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வரவில்லை. ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது இப்போது அவருடைய வேலை.

மொட்டைமாடி

மாடிக்கு மூன்று பேர் மூன்று வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் மேலே நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கோட்டு அடித்தால் போதும் என்றார். மற்றொருவர் தட்டோட்டை முழுக்கப் பெயர்த்து வெப்பம் தடுக்கும் ஓடு பதிக்க 1,10,000 ரூபாய் கேட்டார். மூன்றாவதாக வந்த வயதான கொத்தனார் விலையே சொல்லவில்லை. "எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் நான் எதைச் சரிசெய்வது? முதலில் தண்ணீர் கட்டிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இலவசமாகக் கிடைத்த அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு ஒரு லட்சத்தை மிச்சப்படுத்தியது.

நோய் எங்கே என்று தேடுவதற்குக் கூலி ஆள் தேவையில்லை, பொறுமைதான் தேவை. கூடத்தின் மேலுள்ள பகுதியில் செங்கல் அடுக்கி, களிமண் பூசி, கைப்பிடிச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் பாத்தி கட்டினோம். இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் காத்திருந்தோம். கீழே ஒரு பொட்டு ஈரம் இல்லை. பிறகு பாத்தியைக் கைப்பிடிச் சுவர் வரை நீட்டினோம். மறுநாள் விடிவதற்குள் கூடத்தின் மூலையில் ஈரம் இறங்கிவிட்டது. தளம் நன்றாகவே இருந்திருக்கிறது. சுவரும் தளமும் சேரும் மூலையில்தான் விரிசல். மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றி இன்னொன்று. முதலில் வந்தவர் சொன்ன பூச்சை மாடி முழுக்க அடித்திருந்தால் அந்த விரிசல் அதற்கடியில் நிம்மதியாகப் படுத்திருக்கும்.

மூலையைக் கொத்தித் திறந்து சாய்வாகச் சிமெண்ட் கரை கட்டுவதையும், குழாய் வாயைச் சீர்செய்து தண்ணீர் வாட்டம் பிடிப்பதையும் அந்தக் கொத்தனாரிடமே விட்டோம். அவருக்கு நாள் கூலி 1,100, சித்தாளுக்கு 700. ஆறு நாள் ஆனது. பாசி சுரண்டியதும் இடிபாடுகளை மூட்டை கட்டிக் கீழே இறக்கியதும் நாங்கள். மாலை ஐந்து மணிக்கு ஆள் போய்விடுவார். பூசிய இடத்தைச் சாக்கு போட்டு மூடிப் பத்து நாள் காய விடாமல் நனைத்து வைப்பது வீட்டுக்காரர்தான் செய்ய முடியும். சிமெண்ட் வலுப்பெறுவதும் வெடிப்பதும் பெரும்பாலும் அந்த நனைப்பில்தான் இருக்கிறது. அதை அப்பா காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தவறாமல் செய்தார்.

சமையலறைக் கம்பியில் மட்டும் கொத்தனாரையும் நான் உடனே விடவில்லை. கட்டடப் பொறியாளர் ஒருவருக்கு 2,000 ரூபாய் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். சிறு சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது, கெட்ட இடத்தில் பொத்தென்று வெற்று ஓசை. உதிர்ந்திருந்தது உள்ளங்கை அளவு, உள்ளே விட்டுப்போயிருந்தது மூன்றடிக்கு இரண்டடி. இரும்பு துருவாக மாறும்போது பருமன் பல மடங்கு கூடும், அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் துரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், அடுத்த முறை விழுவது பெரிய துண்டாக இருக்கும். முட்டுக் கொடுத்து, தளர்ந்ததை எல்லாம் உடைத்து, கம்பியைச் சுற்றிலும் துரு நீக்கி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த சாந்து வைத்துக் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதன்படியே கொத்தனார் செய்தார். அடுப்புக்கு நேர் மேலே இருந்த இடம் அது. அம்மா தினமும் அதற்குக் கீழேதான் நிற்கிறார். அந்த 2,000 ரூபாயைப் போல் மனநிறைவோடு நான் வேறு எதையும் செலவழிக்கவில்லை. மாடிக்கும் கூரைக்கும் சேர்த்து 58,400 ஆனது.

சுவர்கள், கம்பிகள், சில்லறை வேலைகள்

உட்புறப் பெயின்ட் முழுக்க எங்கள் வேலை. ஆள் வைத்திருந்தால் 62,000 ஆகும் என்று சொன்னார்கள். எங்களுக்குப் பொருள் செலவு 24,500. இரண்டு வார இறுதிகள் போதும் என்று நினைத்தோம், ஐந்து ஆனது. கூடத்து மூலைச் சுவர் உள்ளே உலர்வதற்கு முன்பே அவசரப்பட்டுப் பட்டி பார்த்துவிட்டேன். மூன்றே வாரத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. சுரண்டி, ஒரு மாதம் உலரவிட்டு, மறுபடி அடிக்க 1,900 ரூபாய் ஆனது. தவறுதான், ஆனால் கண்ணெதிரே நின்ற தவறு. யாருக்கும் காயம் இல்லை.

வெளிச்சுவரை ஆளுக்குக் கொடுத்தோம். அங்கே கேள்வி பெயின்ட்டைப் பற்றியது இல்லை, 14 அடி உயரத்தைப் பற்றியது. வந்தவர்களையும் ஏணியில் ஏறி அடிக்கச் சொல்லவில்லை. சாரம் கட்டித்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லி அதற்கான தொகையைக் கூட்டிக் கொடுத்தோம். நாம் ஏற அஞ்சும் இடத்தில் இன்னொருவரைப் பாதுகாப்பு இல்லாமல் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஜன்னல் கம்பிகள் எளிய வேலை என்று நினைத்திருந்தோம். ஆனால் 1991-இல் அடித்த எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த தேய்ப்பில் எழும் தூசு குழந்தைகளுக்குக் கெடுதல். அதனால் தண்ணீர் தொட்டு ஈரத்தாளால் தேய்த்தோம், முகக்கவசம் போட்டோம், தம்பியின் மகள் விடுமுறைக்கு வருவதை இரண்டு வாரம் தள்ளிவைத்தோம். கொல்லைப்புறக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் துளை போடும் யோசனையையும் அதே தூசுக் கவலையால்தான் கைவிட்டோம். உடையாத தகட்டைச் சீண்டாமல் விடுவதே நல்லது.

வாஷர், ஃப்ளஷ் டேங்க், கொசுவலை, மேல்தொட்டி கழுவுதல், கதவின் அடியை இழைத்தல் எல்லாம் அப்பாவே ராஜா. ஃப்ளஷ் டேங்க் மட்டும் இரண்டு முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது.

யாரும் இறங்கக் கூடாத குழி

கழிவுநீர்த் தொட்டியை நோட்டில் எந்தப் பத்தியிலும் என்னால் அடைக்க முடியவில்லை. தெரு முனையில் ஒருவர், 2,500 ரூபாய் கொடுத்தால் ஆள் இறங்கிச் சுத்தம் செய்து கொடுப்பார் என்றார். உறிஞ்சு லாரிக்கு 3,500. அந்த ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் ஓர் உயிர் இருக்கிறது. தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகிய முட்டை நாற்றம் கொண்டது. அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போது இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். மனிதர் கையால் கழிவு அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பற்ற முறையில் ஒருவரை அந்தக் குழிக்குள் இறக்குவது குற்றம். இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். உறிஞ்சு லாரி வந்து அரை மணியில் முடித்தது.

கணக்கு

மொத்தச் செலவு 2,12,550 ரூபாய். அதில் துளையிடும் கருவி உட்பட 5,300 ரூபாய் கருவிகளுக்கு. நான் எடுத்த விடுப்பு 11 நாள். அதை நோட்டில் எழுதியிருந்தேன். மூன்று மாதமும் தூசு துடைத்து, வேலையாட்களுக்குத் தேநீர் போட்டு, சட்டி பானைகளை அறைக்கு அறை மாற்றிச் சமைத்த அம்மாவின் உழைப்பை எழுதவே இல்லை. செப்டம்பரில் கணக்கு முடிக்கும்போதுதான் அது உறைத்தது. வீட்டிலேயே செய்தால் மிச்சம் என்று சொல்லும் எந்தக் கணக்கிலும் இந்த வரி விட்டுப்போகிறது. எண்ணாக அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல், "அம்மா: 90 நாள்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

மூன்று பருவமழைகள் கடந்துவிட்டன. கூடத்தின் மூலை உலர்ந்தே இருக்கிறது. சமையலறைக் கூரையை ஆண்டுக்கு ஒருமுறை அப்பா சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார், ஓசை கணீரென்றுதான் இருக்கிறது. மாடிப்படி அறையின் கூரையில் புதிதாக ஒரு ஈரக்கறை தெரிகிறது. தண்ணீர் கட்டிப் பார்த்தபோது அந்தப் பகுதியைத் தொடாமல் விட்டோம்.

குளியலறை

ஒரே ஒரு வேலை முழுதாகத் தோற்றது, அது ஆளுக்குக் கொடுத்த வேலை. குளியலறைத் தளத்தைப் பெயர்த்துப் புதிய டைல்ஸ் பதிக்க 28,000 கொடுத்தோம். பெயர் பெற்ற கைதான். தவறு ஒளிந்துகொள்ளும் வேலை, தெரிந்தவரிடம் கொடுத்தாயிற்று, இனி கவலையில்லை என்று நான் அன்றைக்கு அலுவலகம் போய்விட்டேன். அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மாலை வந்து பார்த்தபோது தளம் பளபளவென்று இருந்தது. இரண்டு நாள் கழித்துக் குளித்தபோது, தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் எதிர் மூலையில் குளம் கட்டியது. வாட்டம் தலைகீழாகிவிட்டது. முழுப் பணமும் கொடுத்து முடித்திருந்தோம். மூன்று ஆண்டுகளாக அப்பா தினமும் காலையில் அந்தத் தண்ணீரைத் தள்ளிவிடுகிறார்.

இதைத் தடுக்க எனக்குக் கொத்தனார் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கலாம். அதுவும் வேண்டாம், ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருந்தால் போதும்.

வரும் மே மாதம் அந்தத் தளத்தை மறுபடி பெயர்க்கப்போகிறோம். உடைத்து எடுப்பது அப்பாவும் நானும். வாட்டம் பிடிப்பதும் பதிப்பதும் மாடியைச் சரிசெய்த அதே கொத்தனார். அடித்தளச் சாந்து இறுகியதும், டைல்ஸ் தொடும் முன், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே அடுத்த வேலை, கூலியில் கால்பங்கு தளம் நனைந்து வடிந்த பிறகு என்று அவரிடம் பேசியாயிற்று. "நானே சொல்லலாம் என்றிருந்தேன் அம்மா" என்றார். அந்த இரண்டு நாளுக்கும் இப்போதே விடுப்புச் சொல்லிவிட்டேன்.